கூடைக்குள் உழுத அரசன்

முன்னொரு காலத்தில், வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லாத ஒரு நாட்டை ஆண்ட அரசனுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. வருஷத்தின் முதல் உழவைத் தானே உழ வேண்டுமாம். "முள்ளிக்கரட்டில் முதல் உழவுச் சால் நம்முடையது. அதுவரை அங்கே எவரும் ஏர் பூட்டலாகாது" என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டான். மாட்டுக்கு வால் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் அரசனுக்கு உழவு தெரியும்.

முள்ளிக்கரடு வானம் பார்த்த பூமி. ஊருக்கே ஏழு ஏர்தான். மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் காட்டுக்கிழங்கு. அந்த ஊரில் பிறந்தவன்தான் அரசவை விகடகவி வெயிலுகந்தான். அவன் பேச்சுக்கு அரசன் சிரிக்கும்போதெல்லாம் சடங்கு அதிகாரி ஏகாம்பரருக்கு வயிறு எரியும். உழவு முகூர்த்தத்தைப் பன்னிரண்டு நாள் தள்ளிக் குறித்தவரும் அவர்தான்.

தண்டோரா போட்ட மறுநாளே மழை கொட்டியது. அடுத்த மூன்று நாளும் வெயில் கொளுத்தியது. நான்காம் நாள் காலையில் வெயிலுகந்தானின் அக்காள் மாடத்தி, அரசனுக்கே காட்டலாமென்று ஒரு கூடை மண்ணைச் சுமந்துகொண்டு அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டாள். வெளியே வந்த தம்பியின் முன் ஒரு பிடி எடுத்து உருட்டினாள். உருண்டை பாதி நின்றது, பாதி உதிர்ந்தது.

"பாத்தியா தம்பி? ஈரம் பாதி போயிருச்சு. நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள வெதைச்சாத்தான் உண்டு. அப்புறம் போட்டா வெதையே வறுபட்டுப் போகும். இருக்கிறது ஒரு குதிர் வெதை. அதுவும் போச்சுன்னா புள்ளைங்க வாயில என்னத்தப் போட?"

 வெயிலுகந்தான் கூடையை வாசலில் வைத்துவிட்டு அவைக்குள் ஓடினான். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை அவனுக்கு.

"ஏன் இப்படித் தவிக்கிறாய்?" என்றான் அரசன்.

"மன்னா, மண்ணின் ஈரம் தங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன் என்கிறது. இன்றே எழுந்தருள வேண்டும்."

ஏகாம்பரர் குறுக்கே பாய்ந்தார். "முகூர்த்தத்துக்கு முன் மன்னர் நகர எல்லையைத் தாண்டுவது அபசகுனம்! அவ்வளவு அவசரமென்றால், மன்னர் அரியணையை விட்டு எழாமலே முள்ளிக்கரட்டை உழும்படி இவன் செய்யட்டும். முடியாவிட்டால் இனி இவன் அவையில் வாய் திறக்கலாகாது!"

"நல்ல வேடிக்கை! ஆகட்டும்" என்றான் அரசன்.

வெயிலுகந்தான் வெளியே ஓடிப்போய்க் கூடையோடு திரும்பி வந்து, அதை அரியணையின் முன் வைத்தான்.

"முள்ளிக்கரட்டுக்கு மன்னர் போகத்தான் முகூர்த்தம் வேண்டும். முள்ளிக்கரடு இங்கே வர யாரும் முகூர்த்தம் குறிக்கவில்லையே!"

"ஏர் எங்கே? மாடு எங்கே?" என்று கத்தினார் ஏகாம்பரர்.

"தங்கள் கைக்கோல் ஏராகட்டும். மன்னர் அழுத்திப் பிடிப்பார். இழுக்கத்தான் ஆள் வேண்டும். சடங்கு அறிந்தவர் தங்களை விட்டால் யார்?"

அரசன் உட்கார்ந்தபடியே கோலை வாங்கிக் கூடை மண்ணில் ஊன்றினான். வேறு வழியில்லாமல் ஏகாம்பரர் குனிந்து கோலின் அடிப்பக்கத்தைப் பற்றி இழுத்தார். மண்ணில் ஒரு சாண் நீளத்துக்குச் சால் விழுந்தது. "ஹை! ஹை!" என்று அரசனே மாடு ஓட்டினான். அவை குலுங்கியது. அரசனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"முதல் சால் நம்முடையதாகிவிட்டது. இனி அவர்கள் உழட்டும். என்ன பரிசு வேண்டும், கேள்!"

"வாசலில் நிற்கும் குதிரை, மன்னா."

"அது போதுமா?" என்று அரசன் கேட்டபோது குளம்படி தெருக்கோடியில் கேட்டது.

உச்சிவெயிலில் ஊருக்குள் பாய்ந்தவனைப் பார்த்து, நுகத்தடியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

"ராசா எங்கப்பா?"

"உழுதுட்டு உக்காந்திருக்காரு! பூட்டுங்கய்யா!"

மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. ஏழு ஏரும் இறங்கின. வெயிலுகந்தான் பட்டுச் சால்வையை வேலியில் எறிந்துவிட்டு விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

மனம் கேட்காத அரசன் மறுநாள் காலையில் ஒரு பொற்கிழியைக் கொடுத்து அனுப்பினான். கொண்டுவந்த சேவகன் பொழுது சாயும்வரை வரப்பிலேயே நின்றான். அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒருவருக்கும் கை ஒழியவில்லை.