ரோகிணிக்கு எத்தனை பூஜ்யம்

குன்றின் மேல் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், கொடிமரம் என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். நான்கு அறை, ஒரு கிணறு, வானம் பார்க்க ஒரு பெரிய தொலைநோக்கி. சொத்து அவ்வளவுதான். அமாவாசைதோறும் சனங்கள் பஸ் ஏறி வந்து நட்சத்திரம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

குரு பூங்கோதை அம்மை. நாற்பது வயதுகூட இல்லை. சீடர்கள் செம்பியனுக்கும் உலகநாதனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்களாக இருந்து, ஒன்றாகவே மடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். ஒருவர் தும்மினால் மற்றவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட சினேகம் ஒரு பூஜ்யத்தில் தடுக்கி விழுந்தது.

ரோகிணி நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று பலகையில் எழுதவேண்டும். "அறுபத்தைந்து ஒளியாண்டுன்னு எழுதுடா, போதும்" என்றார் செம்பியன். "பஸ்ஸில் வர்றவனுக்குக் கிலோமீட்டர்தான்டா புரியும்" என்று உலகநாதன் அறுநூற்றுப் பதினைந்தை எழுதி, பின்னாலேயே பூஜ்யங்களை வரிசையாகப் போட்டார். பன்னிரண்டு போடவேண்டும். பதினொன்றுதான் போட்டிருந்தார்.

அமாவாசையன்று கூட்டத்துக்கு முன்னால் செம்பியன் விரல் வைத்து எண்ணினார்.

"பூஜ்யம் போடத் தெரியாத பூஜ்யம்டா நீ! பாவம், ரோகிணியைப் பத்துப் பங்கு கிட்டே இழுத்துட்டியே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதில் உலகநாதனிடம் படித்த பழைய மாணவர்களும் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். உலகநாதன் பெயிண்ட் டப்பாவை மூடிவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மை முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பியன் வந்து நின்றார்.

"அம்மா, நீங்களே தீர்ப்பு சொல்லணும். ஒளியாண்டா, கிலோமீட்டரா? எது சரி?"

"உலகநாதன் எங்கே?"

"பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டான். ஒன்பது மணி பஸ்ஸுக்கு."

"திரும்பி வருவாரா?"

"மாட்டானாம். என்கிட்ட சொல்லலை. கிணத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போனான்."

அம்மை டியூபைத் தண்ணீரில் அமுக்கினாள். குமிழி வரவில்லை. வேறு பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்கு வருத்தமில்லையா?"

"எனக்கென்னம்மா வருத்தம்? கணக்கு கணக்குதானே." சொல்லிவிட்டுச் செம்பியன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "காலையிலே காப்பிதான் இறங்கலை. ரெண்டு டம்ளர் ஆத்திட்டேன், பழக்கதோஷம்."

"சரி, உங்க கணக்கைச் சொல்லுங்க."

கேட்டதுதான் தாமதம், மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சூரியன் பதினஞ்சு கோடி கிலோமீட்டர். ஒளியாண்டுன்னா ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். பார்செக்னு இன்னொண்ணு இருக்கு, அது முப்பத்தொரு லட்சம் கோடி. மீட்டரா வேணுமா? எல்லாத்துக்கும் இன்னும் மூணு பூஜ்யம் சேர்த்தா ஆச்சு!"

"எந்த அளவையும் மீட்டருக்குக் கொண்டுவந்துடுவீங்களா?"

"கேளுங்க, சொல்றேன்!"

"ஒரு கூப்பிடு தூரம் எத்தனை மீட்டர்?"

செம்பியன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அதெப்படிம்மா... ஆளுக்கு ஆள் தொண்டை மாறும். காத்து வேற இருக்கு."

"அளந்து பார்த்துச் சொல்லுங்க."

செம்பியன் பாறை விளிம்புக்குப் போனார். கீழே பாதையில் உலகநாதனின் நீலப் பை புளியமரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. "ஓய்!" என்று ஒரு கத்து கத்தினார். பை நிற்கவில்லை. திரும்பி வந்தார்.

"புளியமரம் இருநூறு மீட்டர். அங்கேயே கேக்கலை. ஆக, இருநூறுக்குள்ளேதான்."

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"பொதுவா ஓய்னு..."

"அது கத்தறது. கூப்பிடறதுன்னா ஒரு பேர் வேணுமே."

கீழே ஏரிக்கரைப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. அவ்வளவுதான், செம்பியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த வயதுக்கு அது ஓட்டமா என்று கேட்கக்கூடாது, ஓடினார். விளிம்பில் நின்று மூச்சு வாங்கினார்.

"உலகநாதா!"

நீலப் பை பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"டேய் உலகா! நான் பேசினது தப்புடா! நீ இல்லாம என்னால முடியாதுடா! போகாதேடா!"

பஸ் வந்து நின்றது. புழுதி எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது. பஸ் போயிற்று. செம்பியன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். புழுதி அடங்கியபோது அங்கே ஒரு நீலப் பை நின்றுகொண்டிருந்தது. பிறகு அது மெதுவாகக் குன்றைப் பார்த்து ஏறத் தொடங்கியது.

"எதுக்குடா ஊரையே கூட்டறே? எனக்கென்ன காது செவிடா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

செம்பியன் முற்றத்துக்கு ஓடிவந்தார். கண்ணில் நீர், வாயெல்லாம் பல்.

"அம்மா! ஐந்நூறு மீட்டருக்கு மேலே இருக்கும்! இருநூறில் கேக்காதவனுக்கு ஐந்நூறில் கேட்டிருக்கு! கூப்பிடு தூரத்துக்கு நான் என்ன கணக்குன்னு எழுத?"

அம்மை சக்கரத்தை மாட்டி ஒரு சுழற்று சுழற்றினாள்.

"நீங்க எழுதவேண்டாம். அவர் வந்து எழுதட்டும். ஒரு பூஜ்யம் குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுது."