விழாத வேலை

மூன்றாவது வருஷமும் பதவி உயர்வுப் பட்டியலில் திருமாறன் பெயர் இல்லை.

அபிஷேக்கின் பெயர் இருந்தது. அபிஷேக் எழுதும் மென்பொருள் மாதம் ஒருமுறை படுத்துவிடும். அவனே ஓடிப்போய் எழுப்புவான். அலுவலகமே கைதட்டும். திருமாறன் எழுதியது ஆறு வருஷமாக ஒருநாளும் விழுந்ததில்லை. யாரும் கைதட்டியதும் இல்லை.

நேராக ஜெசிந்தாவிடம் போனான். வங்கி வேலையை விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதில் வந்தவனுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவனைவிட எட்டு வயது இளையவள். ஆனாலும் அவனுக்கு அவள் டீச்சர்.

"டீச்சர், விழாத வேலையை யார் கவனிப்பாங்க?"

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "வாங்க."

ஓர் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஓடுவது திருமாறன் எழுதிய மென்பொருள். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே வந்ததே இல்லை. இருவரும் சத்தமில்லாமல் சுவரோரம் நின்றார்கள்.

போன் அடித்தது. சுலைகா என்ற பெண் எடுத்தாள். மலைக் கிராமத்திலிருந்து ஓர் அப்பா. மகளைப் பாம்பு கடித்துவிட்டது. அதற்கு மேல் மனுஷனுக்குப் பேச்சே வரவில்லை.

சுலைகா ஊர்ப் பெயரைத் தட்டினாள். பக்கத்தில் இருக்கும் வண்டி, மருந்து இருக்கும் மருத்துவமனை, போகும் வழி எல்லாம் திரையில் வந்து நின்றன. ஒரு பொத்தானை அழுத்தினாள். அதற்கப்புறம் திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணே, வண்டி கிளம்பிடுச்சு. பாப்பாவை நடக்க விடாதீங்க. பாப்பா பேர் என்ன? பூங்கோதையா? போனை அவ காதுல வைங்க."

இருபத்திரண்டு நிமிஷம் பேசினாள். வண்டி போய்ச் சேர்ந்தது. குழந்தை கண் திறந்துதான் இருந்தாள்.

சுலைகா தண்ணீர் குடிக்கும்போது ஜெசிந்தா கேட்டாள். "திரையில வர்றது சரிதானான்னு ஒருதடவை பார்த்துக்க மாட்டீங்களா?"

"அது தப்பா வராதுங்க. அதைப் பார்த்துட்டு இருந்தா அந்த அப்பாகிட்ட யார் பேசுறது?"

திருமாறன் ஓர் அடி முன்னால் வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுத்த போன் அடித்தது. சுலைகா திரும்பிக்கொண்டாள்.

இருவரும் படியிறங்கினார்கள்.

"இது நான் எழுதினதுன்னு நீங்க ஏன் சொல்லல, டீச்சர்?"

"அது தப்பா வராதுன்னு அவங்களே சொல்லிட்டாங்களே. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

கொஞ்ச தூரம் தலை நிமிர்ந்து நடந்தான். பிறகு கேட்டான்.

"அப்போ பதவி உயர்வை விட்டுடவா?"

"எதுக்கு விடணும்? நாளைக்குக் காலையில மேனேஜர் ரூமுக்கு நானும் வர்றேன், கேட்போம்."

"மூணு வருஷமா கேட்டுட்டேன். இன்னும் எப்படிக் கேட்கிறது?"

ஜெசிந்தா நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்போ நடந்து வந்தீங்களே, அதே நடையில உள்ள போங்க."