செல்லாத்தாளுக்கு எந்த ஆயில்?

"அம்மணி, இருக்கறதுலயே ஒசந்த ஆயிலத்தான் ஊத்தினேன். அப்பறமும் இவ அழுவறா."

சென்னியப்பன் லாரிக்கு அடியில் காட்டினார். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

லாரியின் பெயர் செல்லாத்தா. வயது இருபத்தாறு. அவருக்கோ அறுபது தாண்டிவிட்டது. லாரியைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாம் என்று மகன் சொன்ன நாளிலிருந்து அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை.

சத்தியமங்கலத்தில் மலைக்குப் போகும் சாலையில் லாரிப் பட்டறை வைத்திருந்த பிலோமினா, அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் டிரைவர்கள் அவளிடம் சந்தேகம் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். லேசில் பதில் சொல்லமாட்டாள்.

"என்ன ஆயிலுங்கண்ணா?"

அவர் காலி டப்பாவைப் பெருமையாக நீட்டினார். புது லாரிகளுக்கென்று வந்த, நீர்த்த ஆயில்.

"இத ஊத்தச் சொன்னது யாருங்க?"

"யாரும் சொல்லல. புது வண்டிக்கெல்லாம் இதத்தான் ஊத்தறாங்க. எம்புள்ள எதுல கொறஞ்சு போனா?"

பிலோமினா ஏறி உட்கார்ந்தாள். வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

ஆயில் பிரஷர் காட்டும் முள் விறைப்பாக மேலே போய் நின்றது.

"பாத்தியா!" என்றார் அவர்.

"இருங்கண்ணா. டீ சொல்லியிருக்கறேன்."

எஞ்சின் ஓட ஓட இருவரும் டீ குடித்தார்கள். எஞ்சின் சூடேறியது. முள் மெல்லத் தலைசாய்ந்தது. கடைசியில் சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது.

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"தாளவாடிக்கு உர மூட்டை ஏத்தியாச்சு அம்மணி. இன்னைக்கே திம்பம் மலை ஏறோணும். இவ வழியில நின்னுட்டான்னா, பையன் அங்கிருந்து அப்படியே இரும்புக்கடைக்கு இழுத்துட்டுப் போயிருவான்."

அவள் எஞ்சினை அணைத்து ஆயிலை இறக்கினாள். சூடு தணிந்ததும் அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாள்.

"தேச்சுப் பாருங்க."

விரல்களுக்கு நடுவே அது நழுவி ஓடியது.

"நிக்க மாட்டேங்குது," என்றார்.

"உள்ளயும் அப்படித்தானுங்க. தேஞ்ச எடத்துல நிக்காது."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று, "அப்ப கெட்டியிலயே கெட்டியா ஊத்து. கியர் ஆயிலா இருந்தாலும் சரி!" என்றார்.

"அது குளுருல இறுகிப் போயிருமுங்க. காலைல அவ எந்திரிக்க வேண்டாமுங்களா?"



பிலோமினா பில்டரை மாற்றினாள். சொட்டிய இடத்தில் கசிவை அடைக்கப் புது பேக்கிங் வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சாதாரண டப்பாவை எடுத்து வந்தாள். இருபது-ஐம்பது என்று எண் போட்டிருந்தது; குளிரில் இறுகாது, சூட்டில் நீர்த்துப்போகாது என்பதற்கான எண். அதன் கீழே இருந்ததைச் சென்னியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"பழைய எஞ்சினுக்குன்னு போட்டிருக்குது."

"ஆமாங்கண்ணா."

"வேற இல்லையா?"

"இருக்குதுங்க."

அவள் அந்த லேபிளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதே டப்பாவை மறுபடி நீட்டினாள்.

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. டப்பாவை வாங்கி, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிறவர் மாதிரி, ஒரு சொட்டும் சிந்தாமல் தானே ஊற்றினார்.

"மேல வரைக்கும் நானும் வாறேன்," என்றாள் பிலோமினா. "பாரத்துல முள்ளு எப்படி நிக்குதுன்னு பாக்கோணும்."

மலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செல்லாத்தா முனகிக்கொண்டே ஏறினாள். எஞ்சின் கொதிக்கக் கொதிக்க உழைத்தும் முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கவில்லை.

பாதி மலையில், பின்னாலிருந்து ஒரு புது லாரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

பின்னால் ஹாரன் கேட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது சென்னியப்பனின் வழக்கம். மலைப்பாதையில் அவரை முந்தியவர்கள் குறைவு. பிலோமினா அவர் காலைப் பார்த்தாள்.

கால் அழுத்தவில்லை. அவர் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கினார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ போ என்று ஆட்டினார்.

"தாத்தா, தூங்கிட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே அந்த டிரைவர் முந்திப் போனான்.

"கோவம் வரலீங்களாண்ணா?"

"சின்னப் பையன். அவனுக்கு அவசரம்."

கியரைக் குறைத்தார். ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

"எங்களுக்கு இன்னும் நெறையாப் பேச வேண்டியிருக்குது."