இரண்டு ரியாக்டர்களுக்கு நாள் குறித்தது

மில் ஊர்களுக்கு நடுவே ஒரு நானூறு கேவி சப்-ஸ்டேஷன். அங்கே இருபத்திரண்டு வருஷம் ஹெல்பராக இருந்து, பழைய புத்தகங்களைத் தானாகவே புரட்டிப் படித்தவர் நாச்சிமுத்து. ஐம்பத்தோரு வயதில் ஒரு ஷிஃப்ட்டின் பொறுப்பு முழுசாக அவர் கைக்கு வருவதாக இருந்தது. கொடுக்க வேண்டியவர் இன்ஜினியர் மெஹருன்னிசா. அவருக்கு முப்பத்து நாலு.

"யார்டுல ரெண்டு ரியாக்டர் நிக்குது. ரெண்டையும் நிறுத்தி வேலை பார்க்கணும். நாள் குறிச்சுட்டு வாங்கண்ணா. சரியா இருந்தா ஷிஃப்ட் உங்களுது."

இரண்டுமே கம்பிச் சுருள்தான். ஒன்று சீரிஸ் ரியாக்டர், லைனின் வழியிலேயே நிற்கும். ஓடுகிற கரண்ட்டெல்லாம் அதற்குள் புகுந்துதான் போக வேண்டும். எங்காவது ஷார்ட் ஆனால் பாய்ச்சலை மட்டுப்படுத்தும். மற்றது ஷன்ட் ரியாக்டர், ஓரமாக லைனுக்கும் பூமிக்கும் நடுவே நிற்கும்.

அரை மணியில் நாச்சிமுத்து வந்துவிட்டார். இரண்டுக்கும் ஒரே நாள்: தீபாவளி.

"ஏன்?"

"மில்லெல்லாம் லீவுங்க மேடம். லோடே இருக்காது. யாருக்கும் தொந்தரவில்லீங்க."

"சீரிஸுக்குச் சரி. அதை எடுத்தா லைனே நிக்கும். ஷன்ட்டுக்கு?"

"அது சும்மா ஓரத்துல நின்னு முனகிட்டு இருக்குதுங்க. ஒரு ஊருக்கும் கரண்ட் கொண்டு போறதில்ல. அதுக்குப் போய் நல்ல நேரமெல்லாம் பாக்கோணுங்களா?"

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. போன வருஷத்து லாக் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தீபாவளி மத்தியானம் வோல்ட்டேஜ் என்ன?"

"நானூத்திப் பதினெட்டு." நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நானூற்று இருபது கேவியைத் தாண்டவே கூடாது என்பது விதி. "லோடு இல்லாத அன்னிக்கு எப்படிங்க ஏறுச்சு?"

"அவ்வளவு நீள லைன். எடுத்துக்க ஆளில்லேன்னா தானா ஏறும். ஏறுறதை ஷன்ட் உறிஞ்சியும் நானூத்திப் பதினெட்டு."

"அப்ப அதையும் நிறுத்திட்டா..." நாச்சிமுத்து பாதியில் விட்டார். லாக்கை மூடிவிட்டு, "ஆனா மேடம், ஒண்ணுமே இல்லாத நாள்ல எதுக்குங்க ஏறோணும்? புத்தகத்துல கணக்குப் போட்டுக் காட்டறாங்க. மனசுக்குப் பிடிபட மாட்டேங்குது."

மெஹருன்னிசா அவரையே பார்த்தார்.

"அண்ணி தவறி மூணு வருஷம் ஆச்சு. மூணு தீபாவளிக்கும் நீங்களா வந்து ட்யூட்டி கேட்டு வாங்குனீங்க. வேலை நாள்ல ஒரு தடவையாவது எக்ஸ்ட்ரா ட்யூட்டி கேட்டிருக்கீங்களா?"

நாச்சிமுத்து பேனாவை எடுத்து, ஷன்ட்டுக்கு நேரே இருந்த தீபாவளியை அடித்தார். மில்லெல்லாம் முழு மூச்சாக ஓடுகிற ஒரு புதன்கிழமையை எழுதினார்.

மெஹருன்னிசா கையெழுத்துப் போட்டார்.

"ஷிஃப்ட் உங்களுது. தீபாவளி அன்னிக்கும் உங்களுதுதாண்ணா."