தட்டைக்குடியார் மலைக்குக் கிளம்பியது

தட்டைக்குடி என்ற ஊரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் தவறில்லை, தட்டைக்குடிக்காரர்களும் உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. கடலோரத்துச் சமவெளி. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நிற்கும். மேடு என்று சொல்லிக்கொள்ள ஆலங்கரை சாலையில் ஒரு வேகத்தடை உண்டு. அதைத் தாண்டும்போதே சிலருக்கு மூச்சு வாங்கும்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த தாயுமானவன் மலையேறப் போவதாகச் சபதம் போட்டார் என்றால், அதற்குக் காரணம் இறால் வறுவல்.

ஆலங்கரையில் அவருடைய மச்சினன் மாடி வீடு கட்டினான். மொட்டைமாடியில் கறி விருந்து. தாயுமானவன் வழியில் மூன்று படிகளில் உட்கார்ந்து எழுந்து, ஒருவழியாக மேலே போய் இலை முன்னால் அமர்ந்தார். மாமியார் கைப்பக்குவத்தில் இறால் வறுவல் இலையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மாமனார் வைத்திலிங்கம் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "நம்ம மாப்ளைக்கு மாடிப்படியே மலைதான்!" என்றார்.

பந்தி சிரித்தது. தாயுமானவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு நாள் மலை ஏறி இறங்கிட்டு வரேன் மாமா. அதுவரைக்கும் உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!" என்று எழுந்துவிட்டார். கை கழுவப் போனபோதுதான், கழுவும் அளவுக்குக் கையில் ஒன்றுமே ஒட்டவில்லை என்பது தெரிந்தது. இறாலைத் தொடவே இல்லை. சொன்ன சொல்லையும் திரும்ப வாங்க முடியாது. அன்றிலிருந்து அவர் மனைவி மங்கை ஞாயிறு தவறாமல் தாய்வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாள். இவர் பழைய சோற்றையும் மோர்மிளகாயையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளதைச் சொன்னால், மனுஷனுக்கு அழுகையே வந்தது.

நண்பர்கள் எதற்கு இருக்கிறார்கள்? மூன்று பேர் கூட வருவதாகச் சொன்னார்கள். தையல்கார உத்திராபதி, ரைஸ்மில் பக்கிரிசாமி, கலியபெருமாள். இந்தக் கலியபெருமாள்தான் அவர்களில் அறிவாளி. மற்றவர்கள் பத்தாம் வகுப்பை ஒரு தடவை படித்தார்கள், அவர் மூன்று தடவை படித்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆட்களைக் கூட்டமாக அழைத்துப் போகும் குழு ஒன்றில் பேரைக் கொடுத்தார்கள். வழிகாட்டி ஜெபராணி என்ற பெண்மணி, மலையடிவாரத்துக்காரர். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். தட்டைக்குடிக்கு அவர் பேசியது அப்போதுதான் முதல் தடவை.

"சார், புது ஷூவோட வந்துடாதீங்க, காலைக் கடிச்சிடும். நல்லா நடந்து பழகின ஷூவா இருக்கணும்," என்றார் போனில். உத்திராபதியின் கடையில் நாலு பேரும் போனைச் சுற்றிக் கைகட்டி நின்று கேட்டார்கள்.

"நாம வாங்கினது புதுசாச்சே," என்றார் தாயுமானவன் கவலையோடு.

கலியபெருமாள் கண்ணை மூடி யோசித்தார். "நாம நடந்து எப்ப பழசாகுறது? ஊர்ல ஏற்கெனவே நடந்து பழகின ஷூ எத்தனை இருக்கு!"

அன்றே காரியம் முடிந்தது. தபால்காரர், போலீஸ்காரர், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், பாங்கு வாட்ச்மேன் நாலு பேரும் புது ஷூ மாட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்தார்கள். நம்மவர்கள் ஆளுக்கொரு பழைய ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். தாயுமானவனுக்குக் கிடைத்த தபால்காரர் ஷூவில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. "காத்தோட்டமா இருக்கு," என்று மங்கையிடம் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது அட்டைப்பூச்சி. "மழைக்காட்டுல அட்டை கடிக்கத்தான் செய்யும். பயப்படாதீங்க, பழகிட்டா ஒண்ணும் தெரியாது," என்று ஜெபராணி சொல்லியிருந்தார். பழகத்தானே வேண்டும்? மறுநாள் காலை நாலு பேரும் வேட்டியைத் தூக்கிக் கட்டி, அல்லிக்குளத்தில் காலை விட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மூன்று பேரை அட்டை கவ்வியது. பக்கிரிசாமியை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

"ஏன் அண்ணே, எல்லாரையும் கடிக்குது, என்னை மட்டும் விட்டுட்டுப் போவுது? என் ரத்தம் என்ன மட்டமா?" என்று அவர் கண் கலங்கினார்.

தாயுமானவனுக்கு மனசு கேட்கவில்லை. தன் காலில் இருந்ததில் கொழுத்த அட்டை ஒன்றைப் பிய்த்து, "இந்தா, வச்சுக்க," என்று நண்பன் காலில் ஒட்டினார். அது விழுந்துவிட்டது. பக்கிரிசாமி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

முதுகில் எடை வைத்து நடந்து பழக வேண்டும் என்றும் ஜெபராணி சொல்லியிருந்தார். எடைக்கு எங்கே போவது? இரண்டு பேர் நடக்க, இரண்டு பேர் எடையாக இருப்பது, பிறகு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. கலியபெருமாள் வயதில் மூத்தவர் என்பதால் அவரைச் சுமக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவர் கடைசிவரை எடையாகவே இருந்து பழகினார்.

பிறகு ஏற்றம். ஊரில் ஏறக்கூடிய உயரம் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். ஏணிக்குக் கீழே நின்றபோது தாயுமானவன், "ஏறுறது பரவாயில்லையாம், இறங்கும்போதுதான் முட்டி போயிடுமாம். மேடம் சொன்னாங்க," என்றார்.

"அப்ப ஏறுவோம், இறங்க வேணாம்," என்றார் கலியபெருமாள்.

ஏறினார்கள். மேலே நல்ல காற்று. மத்தியானம் வரைக்கும் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குமேல் பசி வந்துவிட்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், முட்டி எம்மாத்திரம்? இருந்தாலும் உத்திராபதி தயங்கினார். "முட்டி போயிட்டா மிஷின் மிதிக்க முடியாது அண்ணே."

"முட்டிக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டார் கலியபெருமாள். "இல்லல்ல? மேலயே பாத்துக்கிட்டு இறங்குவோம். ஏறுறதாத்தான் நெனச்சுக்கும்."

நாலு பேரும் வானத்தைப் பார்த்தபடியே இறங்கினார்கள். கடைசிப் படி எதுவென்று தெரியாமல் தரையிலும் கொஞ்ச நேரம் காலைத் துழாவினார்கள்.

இதுவரை எல்லாம் ஒற்றுமையாகத்தான் நடந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் ஜெபராணி மறுபடி பேசினார். "முக்கியமான விதி சார். காட்டுல வரிசையாத்தான் போகணும். உங்கள்ல யார் ரொம்ப மெதுவா நடக்கிறவரோ அவர்தான் முன்னால. அவரை யாரும் முந்தவே கூடாது. முந்தினா பாதியிலேயே திருப்பி அனுப்பிடுவேன்."

போனை வைத்ததும் நாலு பேருக்கும் அந்த முதல் இடத்தின் மேல்தான் கண். முன்னால் போவது என்றால் சும்மாவா? படம் எடுத்தால் முதல் முகம் அதுதான். தாயுமானவன் அந்தப் படத்தை மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டியே பார்த்துவிட்டார், மனசுக்குள்.

"நான்தான் மெதுவு," என்றார் மெதுவாக.

"நீயா? போன வருஷம் நாய் துரத்தினப்ப நீ ஓடினதை ஊரே பாத்துச்சு," என்றார் பக்கிரிசாமி. "எங்கிட்ட குடுத்த அரிசியை அரைக்கவே ரெண்டு நாள் ஆகும். நான்தான் மெதுவு."

"போன தீபாவளிச் சட்டையே நான் இன்னும் தைக்கல," என்றார் உத்திராபதி.

"பத்தாவதைத் தாண்ட எனக்கு மூணு வருஷம்," என்றார் கலியபெருமாள்.

கடைசியில் போட்டி வைப்பது என்று முடிவாயிற்று. வேகத்தடையில் வரிசையாக நிற்க வேண்டும். ஆலங்கரை பக்கம் நடக்க வேண்டும். கடைசியில் வருபவர் ஜெயித்தவர்.

நின்றார்கள். உத்திராபதி விசில் ஊதினார். ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறியது, சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. ஒரு லாரி வந்து, ஹாரன் அடித்துப் பார்த்து, வயலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போயிற்று. பக்கிரிசாமிக்குத் தும்மல் வந்து ஒரு எட்டு முன்னால் விழுந்துவிட்டார், தோற்றார். உத்திராபதியைப் பார்த்து, "என் ரவிக்கை என்னாச்சு?" என்று ஒரு அம்மாள் கேட்க, அவர் பழக்கதோஷத்தில் ஓடிவிட்டார். மிச்சம் இருவர். கலியபெருமாள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரை யார் ஜெயிப்பது? தாயுமானவன் வாடிப்போய்ச் சாலையோரம் பார்த்தார்.

அங்கே ஒரு மைல்கல் இருந்தது. லாரி இடித்துப் பாதி உடைந்த சின்னக் கல். 'ஆலங்கரை 4 கி.மீ.' என்று எழுதியிருந்தது.

தாயுமானவன் அதை வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர் அவர். "அண்ணே, எந்திரிங்க," என்று கலியபெருமாளை உலுக்கினார். "நான் பொறந்ததுலேருந்து இந்தக் கல்லு ஆலங்கரை போறேன், ஆலங்கரை போறேன்னு எழுதி வச்சுக்கிட்டு இங்கேயேதான் நிக்குது. இதைவிட நாம யாரும் மெதுவு இல்ல."

நாலு பேரும் கல்லைச் சுற்றி நின்றார்கள். கல்லே முன்னால் போகட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். தனக்குக் கிடைக்காவிட்டாலும் மற்ற மூவருக்கும் கிடைக்கவில்லை என்பதில் ஆளாளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

மறுநாள் காலை வேன் வந்தது. கல், அதன் பின்னால் பையோடு தாயுமானவன், அவர் பின்னால் மற்ற மூவர் என்று வரிசை தயாராக நின்றது.

"ஏறுங்க சார், நேரமாச்சு," என்றார் ஜெபராணி.

"அவர் இன்னும் கிளம்பல மேடம்," என்று தாயுமானவன் கல்லைக் காட்டினார்.

ஜெபராணி விஷயத்தைக் கேட்டார். முதலில் சிரித்தார். பிறகு விளக்கினார். பிறகு கெஞ்சினார். "அவரை முந்தினா திருப்பி அனுப்பிடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு இது மானப் பிரச்சினை மேடம். நான் முந்த மாட்டேன்," என்று தாயுமானவன் பிடிவாதமாக நின்றார். வேனில் இருந்த மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இருபது வருஷமாகக் காப்பாற்றிய பொறுமை ஜெபராணியை விட்டுப் போயிற்று.

"அப்படின்னா அந்தக் கல்லையும் பிடுங்கித் தூக்கிட்டு வாங்களேன்!" என்று கத்திவிட்டு, எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனார்.

அவர் டீயை ஆற்றிக் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கல் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

இப்படியாக அந்தக் கல் மலையேறியது. கம்பில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கினால் முன்னால் தூக்குபவர் கல்லை முந்திவிடுகிறார் என்று அடிவாரத்திலேயே ஒரு தர்க்கம் வந்தது. அதனால் பையை மார்புப் பக்கம் மாட்டி, அதில் கல்லை வைத்து, கைக்குழந்தையைப் போல் முறைபோட்டுச் சுமந்தார்கள். கல் எப்போதும் ஒரு சாண் முன்னால் போயிற்று. சுமப்பவர் மெதுவாக நடந்தார், அவருக்குப் பின்னால் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். மழை பெய்தது, வெயில் அடித்தது, பக்கிரிசாமியை ஒரு மலையட்டை கடித்தது. அவர் அதை எல்லோரிடமும் காட்டி மகிழ்ந்தார். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவர் குறையாமல் மலையின் மறுபக்கம் இறங்கினார்கள். ஜெபராணியே நம்பவில்லை.

தாயுமானவன் கல்லை இறக்கிவைத்தார். உடம்பெல்லாம் வலித்தது, ஆனால் மனசு பஞ்சாகப் பறந்தது. சபதம் முடிந்தது! துண்டால் கல்லின்மேல் இருந்த சேற்றைத் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

'ஆலங்கரை 4 கி.மீ.'

"மேடம்," என்றார். "எங்களுக்கு வேன் வேணாம். மாமனார் வீட்டுக்கிட்டயே வந்துட்டோம்."

"சார், ஆலங்கரைக்கு இங்கேருந்து ராத்திரி முழுக்க வண்டியில போகணும்!"

"நீங்க இந்தப் பக்கத்து ஆளு, உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார் கலியபெருமாள் பரிவோடு. "இது கவர்ன்மெண்டு கல்லு. பொய் சொல்லாது."

தாயுமானவன் மாமனாருக்குப் போன் போட்டார். "மாமா! மலை ஏறி இறங்கிட்டேன். நாலே கிலோமீட்டர்ல நிக்கிறேன். அத்தைகிட்ட இறாலை அடுப்புல வைக்கச் சொல்லுங்க!"

வைத்திலிங்கம் லேசில் எதையும் நம்புகிறவர் அல்ல.

"கல்லை நல்லாப் பாத்தீங்களா மாப்ள?"

"கையால தடவியே பாத்தேன் மாமா."

"அப்ப சரி. இலையைப் போட்டுடறேன், ஆறிடப் போவுது, வெரசா வாங்க."

தாயுமானவன் கல்லை மார்பில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். மூவரும் பின்னால். வழியெல்லாம் இறால் மணம் வருவதாகவே அவருக்குத் தோன்றியது. நெடுநேரம் நடந்து ஒரு புளியமரத்தடியில் கல்லை இறக்கி எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உத்திராபதிதான் முதலில் முகம் சுருங்கினார். "அண்ணே, இன்னும் அதே நாலுதானே காட்டுது?"

கலியபெருமாள் நெற்றி வியர்வையை வழித்துவிட்டுச் சிரித்தார்.

"அதான்டா நல்ல சேதி. இவ்வளவு தூரம் நடந்தும் ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாகல. சரியான வழியிலதான் போறோம், நடங்க."