வந்தது போலவே வீட்டை ஒப்படைத்த வரலாறு

திருக்குளத்தின் வடகரையில், சபாநாயகம் பிள்ளையின் வீட்டில், அம்பலவாணர், சிவக்கொழுந்து, மருதப்பன் என்னும் மூன்று பஜனை அடியார்கள் குடியிருந்தார்கள். இறைவன் அவர்களுக்குக் குரலை அளவின்றி வழங்கியிருந்தான். அறிவு வழங்கும் வேளையில் மட்டும் நடை சாத்திவிட்டான்.

அவர்கள் காலிசெய்யும் நாளன்று பிள்ளை கண்டிப்பாகச் சொன்னார்: "நான் கொடுத்தப்போ வீடு எப்படி இருந்துச்சோ, துளிகூட மாறாம அப்படியே ஒப்படைக்கணும். அப்பத்தான் என் மச்சான்கிட்ட உங்களைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லுவேன்."

அந்த மச்சானின் வீட்டுக்குத்தான் அவர்கள் அடுத்துக் குடிபோக இருந்தார்கள். பிள்ளையின் நற்சொல் கிடைக்காவிடில் மூவரும் ஆர்மோனியத்தோடு தெருவில்தான்.

கண்மூடி அமர்ந்து ஆராய்ந்தார்கள்.

"அண்ணா, நாம வந்தப்போ கூடத்துல ஓடு ஒழுகுச்சே?" என்றார் மருதப்பன்.

"ஆமா. நாமதான் அடைச்சோம்," என்றார் அம்பலவாணர்.

"சிவசிவா! அடுத்தவர் ஒழுகலை அடைக்க நாம யாரு?"

உடனே மருதப்பன் கூரையேறி ஓடுகளை உடைத்தருளினார். வாசற்படியில் தாங்கள் பூசிய சிமெண்டைப் பெயர்த்து, படிக்கு அதன் பழைய ஆட்டத்தைத் திருப்பி வழங்கினார்கள். சிவக்கொழுந்து பக்கத்துத் தொழுவத்துச் சிலந்திகளைத் தீப்பெட்டியில் எழுந்தருளச் செய்து, உத்தரத்தில் விட்டு, "சீக்கிரம் கட்டுங்கம்மா, ஐயா வந்துருவார்" என்று கைகூப்பினார்.

மாலையில் பிள்ளை, மச்சானைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "அடப்பாவிகளா, என் வீடு!" என்று அலறினார்.

"அன்னிக்குக் கொடுத்த அதே வீடுதான் ஐயா," என்றார் அம்பலவாணர் பணிவோடு. "ஒரே ஒரு குறைதான் பாக்கி. சாவி கொடுத்தப்போ உங்க வலது கால்ல மாவுக்கட்டு இருந்துச்சு."

மருதப்பன் உலக்கையோடு வந்து நின்றார். "காலைக் கொஞ்சம் நீட்டுங்க ஐயா."

பிள்ளை வாசலை நோக்கிப் பாய்ந்தார். ஆடும் படி தன் கடமையைச் செய்தது. தெருவில் விழுந்தவர் காலைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்! எல்லாம் ஒழுங்கா ஒப்படைச்சுட்டாங்க! முதல்ல இவங்களைக் கூட்டிட்டுப் போங்க!" என்று கதறினார்.

சிவக்கொழுந்து கவலையோடு குனிந்து பார்த்தார். "வலது கால்தான் அண்ணா."

"நாம கைவைக்காமலே முடிஞ்சுது. எல்லாம் அவன் கருணை!"

மச்சான், பாவம், பிள்ளையின் சொல்லை அப்படியே நம்புகிறவர். புதிய வீட்டுச் சாவியை நீட்டி வாயாரச் சிரித்தார். அம்பலவாணரின் முகம் வாடியது.

"மருதப்பா, இவருக்கு முன்பல் ஒண்ணு ஆடுது. நாம காலிபண்ற வரைக்கும் அது விழாம பாத்துக்கணும்டா."

இப்போது அந்த மச்சான் முறுக்கை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம், மூவரும் பஜனையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவந்து, அவர் தாடையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.