இரவல் கை

ஏலகிரியில் மேகம் வீட்டுக்குள் புகுந்து போகிற மாதங்களில் நடந்தது இது.

ஆம்பூரிலிருந்து தணிகைவேல் பஸ் பிடித்து மலையேறி வந்தான். நாற்பதைத் தாண்டியவன். வீடியோ கேம்களைப் பற்றிப் பேச ஒரு சேனல் வைத்திருந்தான். எந்த கேமை வாங்கலாம், எந்தக் கண்ட்ரோலர் கையில் நிற்கும், எந்தக் கம்பெனி எதை இழுத்து மூடப்போகிறது என்று அவன் சொன்னால் கேட்க ஒரு கூட்டம் இருந்தது. கடைசியில் மார்க் போடுவான். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு கூட்டம் வாரக்கணக்கில் அடித்துக்கொள்ளும்.

அவன் பார்க்க வந்தது மெஹருன்னிசாவை. அவனைவிட ரொம்பச் சின்னவள். சென்னையில் நடந்த ஒரு போட்டியில், அவனைத் தலை நிமிரவே விடாமல் அடித்தவள். மேடையை விட்டு இறங்கியதும் நேராக அவளிடம் போய், "எனக்குக் கத்துக் குடுங்க" என்று நின்றான். அன்றிலிருந்து அவனுக்கு அவள் மாஸ்டர். அவளுக்கு அவன் அண்ணா.

பிறகு அவளுக்குத் தசைகளில் ஒரு நோய் வந்தது. முதலில் விரல்களை எடுத்துக்கொண்டது. இப்போது ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கைகள் இரண்டும், யாரோ வைத்துவிட்டுப் போனவை போல மடியில் கிடந்தன.

"என்னண்ணா, முகமே சரியில்ல?"

"கேம் ஆடும்போது எனக்கு சத்தம் கேக்க மாட்டேங்குது, மாஸ்டர்."

"காதுல கோளாறா?"

"காது நல்லாத்தான் இருக்கு. ஆட ஆரம்பிச்ச உடனே உள்ள ஒருத்தன் பேச ஆரம்பிச்சுடறான். கேமரா சரியில்ல, கதை இழுவை, போன பாகமே தேவலன்னு. அவன் பேசி முடிக்கறதுக்குள்ள கேம் முடிஞ்சுபோவுது. எங்க போனேன், என்ன பாத்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒரு காலத்துல இதுமேல உசுரா இருந்தேன். இவன எப்படி மாஸ்டர் வெளிய அனுப்பறது?"

அவள் அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"பையில என்ன?"

"புது கேம். 'சாம்பல் ஏரி'. என் ரிவ்யூ எப்போன்னு எல்லாரும் உயிர எடுக்கறாங்க."

"போடுங்க. நான் ஆடறேன்."

அவன் அவளுடைய மடியைப் பார்த்தான்.

"உங்க கையைக் குடுங்கண்ணா. கை மட்டும் போதும்."

டிவிக்கு அடியில் தூசி படிந்து கிடந்த கன்சோலைத் துடைத்து கேமைப் போட்டான். கண்ட்ரோலரை எடுத்தவன் அதன் குச்சியை விரலால் உருட்டிப் பார்த்தான்.

"இந்த ஸ்டிக் கொஞ்ச நாள்ல தானா ஒரு பக்கம் இழுக்கும், பாருங்க. இந்த மாடலே அப்படித்தான். நான் அப்பவே சொன்னேன்."

"நடங்கண்ணா."

திரையில் பைன் மரக் காடு விரிந்தது. வில்லோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பாதை வலது பக்கம் ஒரு கோட்டைக்குப் போனது. கோட்டையில்தான் கதை ஆரம்பம் என்று அவன் படித்திருந்தான்.

"இடது பக்கம்" என்றாள் மெஹருன்னிசா.

"அங்க ஒண்ணும் இல்ல மாஸ்டர்."

"இடது."

இடது பக்கம் போனான். சருகு மிதிபட்டது. அவள் நில் என்றால் நின்றான். மேலே பார் என்றால் பார்த்தான். மரங்களின் உச்சியில் காற்று ஓடியது. அவன் வாய் மட்டும் நிற்கவில்லை. இலை அசைவதில் திணறல் தெரிகிறது என்றான். கேமைச் செய்தவர்களில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம், அடுத்த பாகம் வராதாம் என்றான். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

புதருக்குப் பின்னாலிருந்து ஓநாய் ஒன்று வந்து நின்றது.

அவள் மூச்சை இழுத்தாள். வாய் திறப்பதற்குள் அவன் விரல்கள் பாய்ந்துவிட்டன. உருண்டு, எழுந்து, ஒரே அம்பு. ஓநாய் சாய்ந்தது.

"எப்படி?" என்று திரும்பினான்.

மெஹருன்னிசா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்ணா. இன்னொரு நாள் பாக்கலாம்."

கேட் வரை அவளுடைய அக்கா ஃபர்ஸானா கூட வந்தாள்.

"ரொம்ப நாள் கழிச்சு இன்னைக்குத்தான் அந்த டிவியப் போடச் சொன்னா" என்றாள். "முன்னாடி நெறைய பேர் வந்தாங்க. நான் கை குடுக்கறேன், நான் கை குடுக்கறேன்னு. கொஞ்ச நேரம் இவ சொல்றதக் கேப்பாங்க. அப்புறம் பாத்தா அவங்களே ஆடிக்கிட்டு இருப்பாங்க. ஜெயிச்சும் குடுப்பாங்க. இவ சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அதான் டிவியே வேணாம்னுட்டா."

தணிகைவேல் தரையைப் பார்த்தான்.

"நீங்க அவகிட்ட கத்துக்கிட்டவராச்சே. நீங்க அப்படி இருக்க மாட்டீங்கன்னு நெனச்சா போல."

ஊருக்குத் திரும்பி, விளக்கைப் போட்டு, கேமரா முன்னால் உட்கார்ந்தான். வணக்கம் சொன்னான். 'சாம்பல் ஏரி' என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஏரியையே அவன் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஓநாயின் கண் என்ன நிறம் என்று யோசித்தான். தெரியவில்லை. கேமராவை அணைத்தான்.

சேனலில் திட்டு மழை பெய்தது. பயந்துட்டியா என்று ஒருவன் கேட்டிருந்தான். காசு வாங்கிட்டான் என்று இன்னொருவன். இன்னொரு சேனல்காரன் முந்திக்கொண்டு மார்க் போட்டிருந்தான். தணிகைவேல் எதற்கும் பதில் எழுதவில்லை. அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் மலையேறினான்.

"வந்துட்டீங்களா" என்றாள் மெஹருன்னிசா.

அவன் ஒன்றும் பேசாமல் கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"கீழ போங்க. தண்ணி சத்தம் வர்ற பக்கம்."

அவனுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்கும்வரை நின்றான். பிறகு, மிகத் தொலைவில், கேட்டது. அந்தப் பக்கம் நடந்தான்.

ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. கரையில் ஒரு படகு.

"ஏறுங்க. துடுப்பு வேணாம். விட்டுடுங்க."

பட்டனிலிருந்து விரலை எடுத்தான். படகு தானாக நகர்ந்தது. கரை போயிற்று. தண்ணீரும் வானமும் ஒன்றாகி, எங்கே எது முடிகிறது என்று தெரியாமல் போயிற்று. தூரத்தில் ஒரு பறவை கூப்பிட்டது. கொஞ்சம் விட்டு, வேறொரு கரையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. டிவியைச் சுற்றி, நாற்காலியைச் சுற்றி, தரையில் உட்கார்ந்திருந்தவனின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது. முகத்தில் ஈரம் பட்டது. ஏரியின் ஈரமா, மலையின் ஈரமா என்று அவன் யோசிக்கவில்லை. உள்ளே பேசுகிறவன் எப்போது வாயை மூடினான் என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் இடது" என்றாள் அவள், தூக்கத்தில் பேசுவது போல.

கொஞ்சம் இடது.

"பின்னாடி பாருங்க."

பின்னால் பார்த்தான். படகு கிழித்து வந்த கோடு மெல்ல மூடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அது முழுக்க மூடும்வரை பார்த்தார்கள்.

ஃபர்ஸானா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். டீ ஆறியது.

பிறகு ஓர் இரைச்சல் தொடங்கியது. முதலில் மழை என்று நினைத்தான். படகின் வேகம் கூடியது. முன்னால், பனிக்குள், தண்ணீர் ஓர் இடத்தில் சட்டென்று முடிந்தது. அதற்கப்பால் வெறும் வெளி.

அருவி.

அவன் கட்டைவிரல் துடித்தது. வலது பக்கம் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. இப்போதே திருப்பினால் அதைப் பிடித்துவிடலாம். அவனுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அவளைப் பார்த்தான்.

மெஹருன்னிசா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மடியில் கிடந்த விரல்களில் ஒன்று அசைந்தது போலிருந்தது. பழைய மேடையில் அவன் பார்த்த முகம் அது. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரைச்சல் அறை முழுக்க நிறைந்தது. அவன் காத்திருந்தான். உள்ளங்கை வியர்த்துக் கண்ட்ரோலர் வழுக்கியது.

"இப்போ! வலது!"

திருப்பினான். படகின் மூக்கு பாறையை உரசியது. ஒரு கணம் நின்றது. பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து, அருவியோடு விழுந்தது.

திரை கறுத்தது. இரைச்சலும் நின்றது.

தணிகைவேல் கண்ட்ரோலரைத் தரையில் வைத்தான். தலையைத் தூக்காமலே பேசினான்.

"நான் முன்னாடியே பாத்துட்டேன், மாஸ்டர். திருப்பியிருக்கலாம். நீங்க சொல்லட்டும்னு இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

நிமிர்ந்து பார்த்தான்.

அவள் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. கண்ணிலிருந்து நீர் வழிந்து, துடைக்கக் கையில்லாமல், தாடை வரை போயிற்று. அவன் தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டான்.

"யார் தோத்ததுண்ணா?" என்றாள்.

அவன் கறுத்த திரையைப் பார்த்தான், பிறகு அவளை.

"நீங்கதான் மாஸ்டர்."

"நான்தானே?"

"நீங்கதான். கொஞ்சம் லேட்டா சொல்லிட்டீங்க."

"லேட்டாதான் சொல்லிட்டேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நான் தோத்து எவ்ளோ வருஷம் ஆச்சு தெரியுமாண்ணா?"

மேகம் ஜன்னல் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க."